கோட்டையை இடிக்கச் சொன்ன சாமியார்

ஐம்பத்தொன்பதாம் வருஷத் தபசுகாலம் முழுக்க எங்கள் சாமியார் கோட்டைகளை இடித்துக்கொண்டே இருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை பாபேல் கோபுரம். அடுத்த வாரம் எரிக்கோ. அதற்கடுத்து பாபிலோன். பிறகு எருசலேம் பட்டணத்து மதில். அந்த மதிலில் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் தங்காது என்று சேசுநாதர் சொன்னதைச் சொல்லும்போது சாமியார் பிரசங்க மேடையை ஓங்கித் தட்டினார். இடித்து முடித்ததும் ஒவ்வொரு வாரமும் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். "இந்தக் கோட்டைகள் எங்கே இருக்கின்றன? கல்லில் இல்லை, பிரியமானவர்களே. உங்கள் இருதயத்தில் இருக்கின்றன" என்பார். ஆங்காரம் ஒரு கோட்டையாம், பொருளாசை ஒரு கோட்டையாம், கோபம் ஒரு கோட்டையாம்.

கோவிலின் வடக்குச் சிறகில், கீழத்தெருச் சனங்களுக்கென்று விட்ட இடத்தில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டை கல்லில் இல்லையாமே. கோவிலைவிட்டு இறங்கி ஒரு கூப்பிடு தூரம் நடந்தால் கல்லறைத்தோட்டம். அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அது என்ன பஞ்சு மெத்தையா?

அந்தச் சுவருக்கு எங்கள் ஊரில் கோட்டை என்றுதான் பேர். மோகனூருக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது எங்கள் சூசைபாளையம். ஊருக்குப் பின்னால் ஒரு பாறைக் கரடு. கரட்டின்மேல் எந்தக் காலத்து ராஜாவோ கட்டிய ஒரு பாழுங்கோட்டை. மேலத்தெருப் பெரியதனக்காரர் உபகாரசாமியுடைய அப்பா அந்தக் கல்லைப் பெயர்த்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, சேற்றை அப்பி, கல்லறைத்தோட்டத்தை இரண்டாக மறித்துவிட்டார். மேட்டுப்பக்கம் மேலத்தெருப் பிணங்களுக்கு. வாய்க்கால் பக்கம் எங்களுக்கு. "கோட்டைக்கு அக்கட்டால", "கோட்டைக்கு இக்கட்டால" என்று சொன்னால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். புரியாத ஒரே ஆள் சூசைமாணிக்கம் சாமியார்தான். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேலத்தெருக்காரர்கள் அவரிடம் பேசும்போது "தடுப்பு" என்று நாசூக்காகச் சொல்வார்கள். எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் எங்கள் பக்கத்து மண்ணில் கசிவு நிற்காது. முழங்கால் ஆழம் தோண்டினாலே கீழேயிருந்து ஊறும். போன ஐப்பசியில் என் மகள் இன்பமேரி காய்ச்சலில் போனாள். ஏழு வயசு. குழியிலிருந்து குடத்தால் இறைத்தோம், இறைக்க இறைக்க ஊறியது. பாயில் சுற்றி இறக்கினால் பிள்ளை மிதந்தாள். அவள் அப்பா ஞானதாஸ் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பெற்ற பிள்ளையின் நெஞ்சின்மேல் கல்லைத் தூக்கி வைத்தார். சாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றபடியே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். குடை பிடித்த அந்தக் கையை அன்றைக்கே ஒடித்திருப்பேன். என்னைப் பிடித்துக்கொண்டவள் என் நாத்தனார் ஜெபமலர்.

பொங்கல் கழிந்ததும் ஞானதாஸ் படுத்துவிட்டார். கரும்பு வெட்டுகிற ஆள், ஒரு கட்டைத் தூக்கினால் ஓடுகிற ஆள், இருமி இருமி எலும்பாகிப் போனார். நாமக்கல்லுக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக் கஞ்சி கொடு என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது வண்டியில் படுத்தபடியே என் கையைப் பிடித்தார்.

"ஏ புள்ள. சாவறதுக்கு நான் பயப்படலை. என்னைய அந்தத் தண்ணிக்குள்ள போட்டுறாத."

"போட மாட்டேனுங்க."

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்லலீங்க. அக்கட்டாலதான் வெப்பேன்."

சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

முதலில் நியாயமாகத்தான் போனேன். சாமியார் வீட்டுக்குப் போய், வாசலில் முக்காடு போட்டு நின்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நான் வருவதற்கு முன்பே இருந்த மாமூல். வந்த வருஷமே ஊரை இரண்டாக்கச் சொல்கிறாயா?" என்றார்.

ஊர் ஏற்கெனவே இரண்டாகத்தான் கிடக்கிறது, நடுவில் சுவர்கூட இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"குழியில தண்ணி ஊறுதுங்க சாமி."

"சரீரம் மண்தானே அம்மா. எங்கே வைத்தால் என்ன? ஆத்துமத்தை நினை. மோட்சத்தில் சுவர் கிடையாது."

"மோட்சத்துல இல்லாதது இங்க மட்டும் எதுக்குங்க?"

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "உன் பேச்சில் கோபம் இருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனம் செய்" என்றார். நல்லது சாமி என்று வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காத்தான், என்னமோ பேய் பிடித்துவிட்டது என்று ஒதுங்கி நின்றான்.

பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னாரே, அதையும் செய்தேன். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள். வருஷத்துக்கு ஒருதரம் செய்தே ஆகவேண்டிய கடன் அது. பாவம் கேட்கிற மரத்தொட்டிக்கு இந்தப் பக்கம் நான் முழங்காலில், பலகையில் ஓட்டை போட்ட சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் காது.

"கோபமுங்க சாமி," என்றேன்.

"யார் மேல்?"

"மேலத்தெரு மேல. உபகாரசாமி மேல. உங்க மேல. நெசத்தைச் சொன்னா சர்வேசுரன் மேலயும்."

அவர் பேச ஆரம்பித்தார். பிரசங்கத்தில் பேசுகிற அதே குரல், கொஞ்சம் மெதுவாக. "நான் சொன்னதெல்லாம் உன் காதில் விழவில்லையா? இந்தக் கோபம்தான் உன் எரிக்கோ. அதற்குள் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு நீ பாவப்பொறுத்தல் கேட்டால் நான் எப்படித் தருவேன்? தரமாட்டேன். போ. உன் கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டு வா. அதுதான் உனக்கு நான் இடும் அபராதம்."

என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"கோட்டையைங்களா சாமி?"

"ஆமாம். கோட்டையைத்தான்."

"இடிச்சுப் போடட்டுங்களா?"

"ஒரு கல் மிச்சமில்லாமல். அதன்பிறகு வா, பாவப்பொறுத்தல் தருகிறேன்."

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் என்ன பால்குடியா? அவர் சொன்னது என் நெஞ்சை. ஆனால் என் காதில் விழுந்த வார்த்தை கோட்டை. எங்கள் ஊரில் கோட்டை என்றால் ஒன்றுதான். சாமியார் ஊர்ப்பேச்சைக் கற்றுக்கொள்ளாதது என் குற்றம் இல்லை.

திங்கட்கிழமை வெயில் ஏறினதும் ஜெபமலரைக் கூப்பிட்டேன். இரண்டு கடப்பாரை, ஒரு சம்மட்டி. வழியில் களத்திலிருந்த பெண்கள் நாலைந்து பேர், எங்கே என்று கேட்டார்கள்.

"அபராதம் தீர்க்கப் போறோம். வாரதுன்னா வாங்க," என்றேன்.

ஜெபமலருக்கு வழிநெடுகப் பயம். "அண்ணி, சொல்லுங்க. நெசமாலுமே சாமியார் சொன்னாருங்களா?"

"அந்தத் தொட்டியில முட்டி போட்டுப் பொய் சொல்லுவனாடி? கோட்டையை இடின்னாரு. ரண்டு தரம் கேட்டேன். ரண்டு தரமும் கோட்டையைத்தான்னாரு."

முதல் கல்தான் வரவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, முக்கி, கை தோல் உரிந்தது. அது பெயர்ந்து விழுந்ததும் மற்றது எல்லாம் தானாகச் சரிந்தது. ராஜா கோட்டைக் கல் என்று என்ன பெருமை பேசினார்கள். நடுவில் வைத்திருந்தது வெறும் சேறு. சேற்றுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பேர் வைத்து இடித்தேன். அந்தப் பேர்களை இங்கே சொன்னால் நன்றாக இருக்காது. பொழுது உச்சிக்கு வருவதற்குள் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் சுவர் இல்லை.

உபகாரசாமி சைக்கிளில் வந்தார். பின்னால் மேலத்தெரு ஆட்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஆருடி இடிக்கச் சொன்னா உங்களை?"

"சாமியார் சொன்னாருங்க," என்றேன்.

"எந்தச் சாமியாரு?"

"நம்ம சாமியார்தானுங்க. கேட்டுப் பாருங்க. எரிக்கோவுல கொம்பு ஊதியே மதிலைச் சாச்சாங்களாம். எங்ககிட்டக் கொம்பு இல்லீங்க, கடப்பாரைதான் இருந்துச்சு."

அடிக்கக் கையை ஓங்கினார். என் கையில் கடப்பாரை இருந்ததைப் பார்த்ததும் ஓங்கின கையால் துண்டைச் சரிசெய்துகொண்டார். கோவில்மணி அடிக்கிற கோவில்பிள்ளையை அனுப்பிச் சாமியாரை வரவழைத்தார்கள். சாமியார் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் இடிந்த சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் பிளந்து நின்றார்.

"சாமி, நீங்க இடிக்கச் சொன்னீங்கன்னு சொல்றா இவ," என்றார் உபகாரசாமி.

"நானா? நான் எப்போது..."

"பாவசங்கீர்த்தனத் தொட்டியில சொன்னீங்க சாமி," என்றேன். கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். "கோட்டையை இடின்னீங்க. அபராதம்னீங்க. ஒரு கல்லு மிச்சமில்லாமன்னீங்க."

சாமியார் வாய் மூடிக்கொண்டது. தொட்டிக்குள் கேட்டதையும் சொன்னதையும் குருவானவர் வெளியே ஒரு வார்த்தை விடக்கூடாது. தலையே போனாலும் விடக்கூடாது. அப்படி வாய்திறக்காமல் இருந்ததற்காக ராஜா ஆற்றில் தள்ளிக் கொன்ற, அர்ச்சியசிஷ்டவரான ஒரு குருவானவரின் கதையை உபதேசியார் சின்ன வயசுப் புதுநன்மை வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பாவம் சொன்னவள் வெளியே பேசலாம். அவர் பேச முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது, நான் சொன்னதற்கு அர்த்தம் வேறு என்றும் சொல்ல முடியாது. வேர்த்து ஊற்றியது மனுஷனுக்கு.

"ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்க சாமி," என்றார் உபகாரசாமி.

"நான் பேச முடியாது."

"பேச முடியாதுன்னா ஆமான்னுதானுங்களே ஆவுது?"

"பேச முடியாது என்றால் பேச முடியாது."

மேலத்தெரு ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். உபகாரசாமி சைக்கிளைத் திருப்பினார். போகிற போக்கில், கீழத்தெருக்காரர்கள் ஒருத்தரும் இனிமேல் தங்கள் காட்டில் கால் வைக்கக்கூடாது என்றும், பாஸ்குத் திருநாள் கழிந்ததும் சுவரைச் சுண்ணாம்பு போட்டே கட்டுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே வேலை நின்றது. எங்கள் தெருவில் சிலர் என்னைத் திட்டினார்கள். உன் வீராப்புக்கு எங்கள் அடுப்பு அணைய வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

ஞானதாசிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அடி பாவி. சாமியாரையே மாட்டி உட்டுட்டியே," என்றார். அன்று கொஞ்சம் கஞ்சி குடித்தார். செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அழவில்லை. அழ நேரமில்லை. பொழுதோடு எடுக்க வேண்டும். எங்கள் தெரு ஆட்கள் இடிந்த வழியாகப் போய், மேட்டுப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் குழி வெட்டினார்கள். அது கண்ணில் பட்டதும் உபகாரசாமி தன் பண்ணையாள் காத்தானைவிட்டு, வாய்க்கால் பக்கத்தில் இன்னொரு குழி வெட்ட வைத்தார். ஒரு பிணத்துக்கு இரண்டு குழி. இந்த அநியாயம் எந்த ஊரிலாவது உண்டா?

பாடையைத் தூக்கிக்கொண்டு கல்லறைத்தோட்டத்து வாசலுக்கு வந்தோம். முன்னால் கறுப்பு மேலங்கி போட்ட சாமியார், பக்கத்தில் தீர்த்தச் செம்போடு கோவில்பிள்ளை. சுவர் இடிந்த இடத்தில் உபகாரசாமி நின்றார். கூட ஆறேழு பேர், கையில் தடி. சாமியார் நின்றார். பாடை நின்றது. இடதுபக்கம் இறங்கினால் காத்தான் வெட்டின குழி. அங்கிருந்தே தெரிந்தது, பாதிக்குமேல் கலங்கல் தண்ணீர்.

"சாமி, இப்படியே கீழ இறங்குங்க. மாமூல்படி நடக்கட்டும்," என்றார் உபகாரசாமி.

சாமியார் அசையவில்லை. இந்த ஆள் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. இறங்கினால் என் புருஷன் நெஞ்சிலும் கல் வைக்க வேண்டும். வைக்கிறது யார்? நான்தான். என் உடம்பெல்லாம் எரிந்தது. பாடையைத் தாண்டிப் போய், சாமியாருக்கு முன்னால், பெயர்ந்து கிடந்த கல்லின்மேலேயே முழங்கால் போட்டேன்.

"அபராதத்தைத் தீர்த்துட்டனுங்க சாமி. பாவப்பொறுத்தல் குடுங்க."

"இங்கேயா?" என்றார்.

"தீர்த்துட்டு வா, தாரேன்னீங்க. தீர்த்துட்டேன். குடுக்க மாட்டேன்னா அதையும் இவங்க முன்னால சொல்லிருங்க."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். உன் கோபம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் வாயெடுத்தார், எனக்குத் தெரியும். அதையும் கேட்க முடியாது. கேட்டால் நான் சொன்ன பாவம் ஊருக்குத் தெரிந்துவிடும். கேள்வியை விழுங்கினார். பிறகு இடதுபக்கம் திரும்பி அந்தக் குழியைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். ஐப்பசியில் குடைக்குக் கீழே நின்றவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தத் தண்ணீரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். காற்றில் சேற்று நாற்றம் வந்தது.

கையைத் தூக்கினார். "ஏகோ தே அப்சோல்வோ" என்று ஆரம்பித்து லத்தீனில் சொல்லி, என் தலைக்குமேல் சிலுவை போட்டார். அந்தப் பாவப்பொறுத்தல் செல்லுமோ செல்லாதோ, எனக்குக் கவலை இல்லை. என் கோபம் ஒரு கல்கூடப் பெயராமல் அப்படியேதான் இருந்தது.

"சாமி, அப்படின்னா இவ சொன்னது நெசந்தானுங்களா?" என்றார் உபகாரசாமி.

"வழியை விடுங்கள், உபகாரசாமி."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கல்லில் தடுக்கித் தடுக்கி உள்ளே நடந்தார். தடி வைத்திருந்தவர்கள் விலகினார்கள். எங்களுக்காக விலகவில்லை. தீர்த்தமும் சிலுவையும் முன்னால் வந்ததால் விலகினார்கள். அந்த இடைவெளியில் பாடை நுழைந்தது. உபகாரசாமி மட்டும் கடைசிவரை அங்கேயே நின்று என் முதுகை முறைத்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் பாடையை இறக்கினார்கள். நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் செம்மண், உலர்ந்து வெடித்துக் கிடந்தது. அவரை இறக்கும்போது புழுதி எழுந்தது. சாமியார் செபித்து முடித்ததும் என் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார்கள். போட்டேன். கையைத் தட்டினேன், ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் காத்தான் வெட்டின குழி தெரிந்தது, அதில் தண்ணீர் பளபளத்தது. அங்கிருந்து இங்கே பத்தடி. என் பிள்ளையைத் தண்ணீரில் அமுக்கின அன்றைக்கும் இந்த மண் இப்படியேதான் காய்ந்து கிடந்திருக்கும், இதே பத்தடி தூரத்தில். அதை நினைத்ததும்தான் நான் வாய்விட்டு அழுதேன். புருஷனுக்காக அழுகிறாள் என்று ஜெபமலர் என் தோளைத் தடவிக்கொடுத்தாள்.